மேல்மாடி கேட்ட காதலன்

மக்காள், படம் என்றால் பார்ப்பதற்கு உரியது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒன்று எடுக்கப்படும், அதில் நானும் நிற்பேன், என் தறிக் கொட்டில் நிற்கும், பக்கத்து வீட்டு ஆடுகூட வந்து நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் பகிடி விடுகிறார் என்று எண்ணியிருப்பேன். இப்போது அந்த ஆட்டைக் கண்டால் ஊர்ப் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் படம் எப்படி வந்தது என்று நம் தெருப் பிள்ளைகள் நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் இரண்டு தறி போட்டு, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் நெய்கிறேன். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம் அது. அவளிடம் ஒரு போன் உண்டு. அதில் அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத் தன்னைப் படம் பிடிப்பதில்லை. தகரத்தில் இருந்து சொட்டும் மழை, தறியில் ஓடும் நாடா, தன் உம்மா மீன் கழுவும் கை என்று எடுத்துக்கொண்டே இருப்பாள். கல்முனையில் கமராவும் படத்தொகுப்பும் சொல்லிக் கொடுக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. காசு கட்டிப் படிக்க எங்களால் ஏலாது. ஒரு நாள் அந்த வகுப்பின் வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். அதை என்னிடம் சொல்லவில்லை. தன் உம்மாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார்.

ஒரு நாள் பின்னேரம் கொட்டிலுக்குள் ஓடி வந்தாள்.

“வாப்பா, தறிய நிப்பாட்டுங்க.”

“என்ன நடந்த?”

“நிப்பாட்டுங்களன், சொல்றன்.”

நிறுத்தினேன். இளைஞர் சங்கம் ஒன்று குறும்படப் போட்டி வைக்கிறதாம். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆட்கள் சிரிக்க வேண்டும், பேராசையைப் பற்றியதாக இருக்க வேண்டும். முதலாவதாக வரும் படத்தை எடுத்தவருக்கு அந்த வகுப்பில் இலவசமாக ஓர் இடம். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கும் ஏனோ வாங்கியது.

“கத ரெடி வாப்பா. ஆச புடிச்ச ஒரு காதலன். நீ மட்டும் போதும் எண்டு சொல்லிக்கிட்டே இரிப்பார். கண் மட்டும் ஊட்டுச் சாமான்ல இரிக்கும்.”

காதல் என்ற சொல் கேட்டதும் குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஆருக்கு ஆரோட காதல்? பொண்ணா நிக்கப்போறது ஆரு? ஊருக்குள்ள நாங்க தல நிமித்தி நடக்கவேணும்.”

“பொண்ணு படத்துல வரமாட்டா உம்மா. இந்தப் போன்தான் பொண்ணு.”

எனக்கு விளங்கவில்லை. அவள் போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்காட்டினாள். காதலன் போனைப் பார்த்துக் கதைப்பான். பார்க்கிறவர்களுக்கு, தங்களிடமே கதைப்பதுபோல இருக்கும். பெண்ணின் குரல்கூட வராது. அவன் ‘நீ போதும்’ என்று சொல்லும்போது அவனுடைய கண் நம்முடைய தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகும். அங்கே என்னத்தைப் பார்க்கிறான் என்பதுதான் சிரிப்பு.

மனைவி அகப்பையோடு வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, “அப்பிடியெண்டாப் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் இருந்தது கருகியிருந்தது.

காதலனாக நடிக்க என் மருமகன், அதாவது என் அக்கா ராத்தாவின் மகன், சம்மதித்தான். கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவன். பார்க்கவும் நல்ல வடிவு, அது அவனுக்கும் தெரியும். கதையை வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். காதலன் கடைசியாகக் கேட்பது மேல்மாடி.

“மச்சி, இத எங்க இரிந்து எடுத்த?”

“ஊருக்கே தெரியும் மச்சான்” என்றாள் மகள்.

விசயம் இதுதான். அவனே அப்போது ஒரு பெண்ணை விரும்பியிருந்தான். உடைந்த போனைத் திருத்தக் கொண்டு வந்த பிள்ளை, சாய்ந்தமருதில் கடல்தொழில் செய்கிற ஒருவரின் மகள். இரண்டு பக்கமும் சம்மதம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுப்பார்கள். அந்த மனிதரும் மகளுக்கென்று ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். அதைப் பார்க்கப் போன என் ராத்தா, சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்த்து, “மேல்மாடி எப்ப கட்டுவீங்க?” என்று கேட்டுவிட்டார். மகனையும் கேட்கச் சொன்னார். அன்றையில் இருந்து அந்தப் பிள்ளை மருமகனின் அழைப்பை எடுப்பதில்லை.

“மாமா, உம்மாக்கு மட்டும் தெரியவேணாம்” என்று என்னிடம் சொன்னான். “படம் வாறத்துக்குள்ள நானே சொல்லிருவன்.”

எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்தது. பெண்ணின் வாப்பா. ஒரே ஒரு வசனம். காதலன் தறிக் கொட்டிலுக்கு வந்து, “மாமா, கைக்கூலி விசயமாக் கதைக்க வந்தன்” என்பான். நான் நெற்றியைத் துடைத்து, “எவ்வளவு மகன் எதிர்பாக்கிறீங்க?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

கைக்கூலி என்றால் என்ன என்று சின்னவர்கள் கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் வாங்குகிற பணம். மார்க்கத்தில் அப்படி ஒன்று இல்லை, மக்காள். மார்க்கத்தில் இருப்பது மஹர், அது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. கொடுக்க வேண்டியவர் எப்படியோ வாங்குகிறவராகிவிட்டார். இதை நான் உங்களிடம் வாயால் சொல்லியிருக்கிறேன், நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். என் மகள் சொன்ன விதம் வேறு. அதனால்தான் எழுதுகிறேன்.

 

அந்த வசனத்தை நெய்யும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். தறியின் சத்தத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. எவ்வளவு மகன், டக். எதிர்பாக்கிறீங்க, டக். 

படப்பிடிப்பின் முதல் நாள் வெயில் எறித்தது. வளவு வாசல் கடப்பலடியில் மருமகன் நின்றான். மனைவி ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்துப் பிடித்து வெளிச்சத்தை அவன் முகத்தில் விழுத்தினார். கை உளைந்தபோதும் இறக்கவில்லை. மகள் போனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“நீ மட்டும் போதும்” என்றான் மருமகன், போனைப் பார்த்து, குழைவாக. “உடுத்த சாரனோட வந்து ஒங்கட ஊட்டுல இரிப்பன்.” கண் மெல்ல நகர்ந்தது. “அந்தா நிக்கிற பைக் ஒங்கட வாப்பாடயா? டயர் புதிசு போல.”

அடுத்த காட்சியில் மின்விசிறி. அதற்கடுத்ததில் குளிர்சாதனப் பெட்டி. அதைப் பார்த்து அவன், “உன்ட மனசு இதப் போல குளிர்ச்சி” என்றபோது மனைவி சிரித்ததில் விரிப்பு ஆடியது. மீண்டும் எடுத்தோம். மீண்டும் சிரித்தார். மூன்றாம் முறை வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்தது. நேரே மருமகனுக்கும் போனுக்கும் நடுவில் நின்று அவனைப் பார்த்தது. மகள் நிறுத்தவில்லை. மருமகனும் நிறுத்தவில்லை. ஆட்டை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, மிகவும் அன்பாக, “இதுவும் உன்னோட வருமா?” என்று கேட்டான். ஆடு கத்தியது. நான் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு காலமும் இவனிடம் இது இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

கடைசிக் காட்சியை மறுநாள் எடுக்க வேண்டும். மறுநாள் பொழுதுபட்டு மஃரிபுப் பாங்கு சொல்வதற்கு முன் படத்தைக் கொடுத்தாக வேண்டும். மகள் எழுதியிருந்த முடிவு இது: காதலன் கேட்ட சாமான் எல்லாவற்றையும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி அவனுடைய வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பைக், மின்விசிறி, ஆடு எல்லாம் போகும். பெண் மட்டும் போகமாட்டாள். லேண்ட்மாஸ்டருக்கும் சொல்லி வைத்திருந்தோம். எல்லோருக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது.

இராச்சாப்பாட்டுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி திடீரென்று கேட்டார்.

“சாமான ஏத்தி எங்க அனுப்புற?”

“மாப்பிள ஊட்டுக்கு” என்றாள் மகள்.

“மாப்பிள ஏன் அங்க இரிக்கார்? முடிச்சா அவர் இஞ்சதானே வந்து இரிக்கப்போறார். ஏத்தின சாமான் ஊரச் சுத்திப்போட்டு நம்மட ஊட்டுக்குத்தானே திரும்பி வரும்.”

 மகள் பார்த்த படங்களில் எல்லாம் சாமான் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் போகும். அவள் அங்கிருந்து எடுத்துவிட்டாள். இந்த ஊரில் எந்தப் பெட்டியும் அப்படிப் போனதில்லை. நாங்கள் அத்தனை பேரும் அந்த முடிவை வாசித்துச் சிரித்திருக்கிறோம், ஒருவருக்கும் படவில்லை.

மகள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். பொரித்த மீன் அவளுக்குப் பிடிக்கும். தொடவில்லை. அந்த வகுப்பு வாசல் என் கண்ணில் வந்து நின்றது.

“முடிவு இல்லாமக் குடுத்தா எடுக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“முடிவு இல்லாட்டி அது படம் இல்ல வாப்பா. ஆடுதான் மிச்சம்.”

காலையில் அவள் எழும்பியது என்னவோ உசாராகத்தான். இருக்கிற காட்சிகளை எடுப்போம், முடிவு வழியில் வரும் என்றாள். மருமகன் கூட்டாளி ஒருவனிடம் இரவல் வாங்கிய கலியாணக் கோட்டோடு வந்தான். தோள் கொஞ்சம் பெரிது. அதை உடுத்தித் தெருவால் நடந்து வந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் வளவின் பின்பக்கம் மகளுக்கென்று நான் போட்ட வீட்டு அத்திவாரம் கிடக்கிறது. உங்களுக்குத் தெரியும், அதில்தான் நீங்கள் ஒளித்து விளையாடுவீர்கள். சீமெந்துக் கல் இரண்டு வரிசை, அதற்கு மேல் ஆகாயம். மருமகன் அந்த அத்திவாரத்துக்கு நடுவில் கோட்டோடு நின்று போனைப் பார்த்தான்.

“சத்தியமாச் சொல்றன், எனக்கு நீ மட்டும் போதும்.” பிறகு அண்ணாந்து, ஒன்றுமே இல்லாத ஆகாயத்தைப் பார்த்து, “இதுல மேல்மாடி எப்ப கட்டுவாங்க?”

“டேய்.”

அது எங்கள் குரல் இல்லை. எல்லோரும் திரும்பினோம். ராத்தா நின்றார். ஓடி வந்த வேகத்தில் முக்காடு சரிந்து தோளில் கிடந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. எதிர்வீட்டுப் பெண் அவரிடம், ‘ஒங்கட மகன் மாப்பிளக் கோட்டோட தம்பிட ஊட்டுக்குப் போறார்’ என்று சொல்லியிருக்கிறார். மாமன் மகளை முடிக்கிறது எங்களுக்குள் முறைதானே. தனக்குச் சொல்லாமல் நாங்கள் கலியாணம் பேசுகிறோம் என்று நினைத்து வந்தவரின் காதில், வந்து நின்றதும் விழுந்தது அந்தக் கேள்விதான்.

“மேல்மாடி கேக்கச் சொன்னது அந்த ஊட்டுலடா” என்றார் ராத்தா. “இந்த ஊட்டுல இல்ல.”

 ஆடு எங்கோ கத்தியது.

“ராத்தா, இது படம்” என்றேன்.

“என்ன படம்?”

மகள் போனைக் காட்டினாள். ராத்தா மகனைப் பார்த்தார், அத்திவாரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். என்ன படம் என்று விளங்கியதும் முகம் மாறிவிட்டது.

“என்னெயா பகிடி பண்ணி எடுக்கீங்க?” என்று கேட்டு, மகனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவன் போகும்போது திரும்பிப் பார்த்தான். பெரிய தோளும் சின்ன முகமுமாக இருந்தது.

மகள் அத்திவாரத்தின் மேல் குந்தினாள். காதலனும் போய்விட்டான், முடிவும் இல்லை, மஃரிபுக்கு அரைநாள்தான் இருந்தது. மனைவி விரிப்பை மடித்தார்.  அப்போது மகள் போனைப் பார்த்துவிட்டு, “வாப்பா” என்றாள். “இது நிக்கவே இல்ல.”

எல்லாம் பதிவாகியிருந்தது. ராத்தா வந்தது, முக்காடு, ஒற்றைச் செருப்பு, ‘அந்த ஊட்டுலடா’. மூன்று தலைகளும் போனுக்கு மேல் முட்டிக்கொண்டு பார்த்தோம். முதலில் சிரித்தது மனைவி. மகளின் கண் அப்படி மின்னியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“இதுதான் முடிவு” என்றாள். உடனே போனை மடியில் வைத்துவிட்டாள். “மாமியக் கேக்காமப் போட ஏலா.”

“கேட்டா விடுவாவா?” என்றார் மனைவி.

“விடாட்டிப் போட மாட்டன்.”

மதியம் லுஹர் தொழுதுவிட்டு ராத்தா வீட்டுக்குப் போனோம். ராத்தா கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தார். மருமகன் கோட்டைக் கழற்றாமல் ஒரு மூலையில் இருந்தான்.

“என்னத்துக்கு வந்த?”

“மாமி, ஒருக்காப் பாருங்க. பாத்துட்டு அழிக்கச் சொன்னா ஒங்கட கண்ணுக்கு முன்னுக்கே அழிக்கன்.”

மகள் போனை அவர் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ராத்தா விருப்பமில்லாமல் பார்க்கத் தொடங்கினார். மகனின் முகம் வந்ததும் உதட்டோரம் கொஞ்சம் இளகியது. பைக்கைக் கேட்டபோது மூக்கால் ஒரு சத்தம். ஆடு வந்தபோது தொடையில் அடித்து, “இவன் என்ன மனிசன்டா, ஆட்டையும் கேக்கான்” என்றார். அத்திவாரத்தைப் பார்த்து மேல்மாடி கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் அவருடைய குரல் வந்தது.

சிரிப்பு நின்றது. முடிந்ததும் அதை மீண்டும் பார்த்தார். மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. என் மகள் தன் விரல்களைப் பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் இப்பிடியா கத்தின?”

ராத்தா கதிரையைச் சுவரில் இருந்து திருப்பினார்.

“அந்த ஊட்டுலயும் இப்பிடித்தான் கேட்டனா?” இதை மகனைப் பார்த்துக் கேட்டார்.

மருமகன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். “அங்க மெதுவாத்தான் கேட்டீங்க உம்மா. ஆனா அதுக்குப் பொறகு அவ என்னோட கதைக்கல்ல.”

ராத்தா போனைத் திருப்பிக் கொடுத்தார். மகளின் முகம் விழுந்துவிட்டது. அழிக்கிற இடத்தில் அவள் விரல் வைத்ததை நான் கண்டேன்.

“நில்லு” என்றார் ராத்தா. “முக்காடு சரிஞ்சி கிடக்கு, ஒத்தச் செருப்போட நிக்கன். இத எப்பிடி ஊருக்குக் காட்டுற? திரும்ப எடு.”

மக்காள், அந்த ஒரு மணித்தியாலம்தான் என் வாழ்க்கையிலேயே ஆகக் கெதியாக ஓடிய ஒரு மணித்தியாலம். ராத்தா பெருநாள் சாரியை உடுத்தி வந்தார். தெருவால் நடந்து வருகிறதையும் எடுக்கச் சொன்னார். எடுத்ததைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தாலும் நடக்கிறேன் என்றார். தொடக்கத்திலும் தன்னை ஒருக்காக் காட்ட ஏலாதா என்று கேட்டார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும், ஒரு வசனம் போதாது என்று பட்டது. இன்னொன்று தரச் சொல்லி மகளிடம் கேட்டேன். மருமகன் தன் முகத்தைக் கிட்டவாக எடுக்கச் சொன்னான்.

“ஆச புடிச்சவர் படத்துல ஒருத்தர்தான் எண்டு நினச்சன்” என்றார் மனைவி, விரிப்புக்குப் பின்னால் இருந்து.

இவ்வளவும் செய்தும், ராத்தாவுக்கு வசனம் வரவில்லை. செய்தி வாசிக்கிறவரைப் போல நின்று, “மேல் மாடி கேட்கச் சொன்னது அந்த வீட்டில்” என்றார். திரும்பத் திரும்ப எடுத்தாலும் அதே செய்திதான். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. மகள் உதட்டைக் கடித்தாள்.

“சரி, இத விடுவம். கொட்டில் காட்சிய எடுப்பம். மாமியும் மச்சானோட உள்ளுக்கு வாங்க.”

தொழுதுவிட்டு வந்து நான் தறியில் ஏறி இருந்தேன். மருமகன் கோட்டோடு நுழைந்தான், பின்னால் ராத்தா. போன் என்னைப் பார்த்தது.

“மாமா, கைக்கூலி விசயமாக் கதைக்க வந்தன்.”

நான் நெற்றியைத் துடைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அத்தனை நாள் தறியோடு சேர்த்துப் பழகிய வசனம், தறி நின்றிருந்ததாலோ என்னவோ, வரவே இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. கூலி என்று கேட்டுக்கொண்டு இந்தக் கொட்டிலுக்கு வருகிற பொடியன்மாருக்கு நான் வழக்கமாகச் சொல்வது எதுவோ அது தானாக வந்தது.

“ஓம் மகன். அந்தத் தறி சும்மாதான் கிடக்கு. செருப்பக் கழட்டிட்டு ஏறி இரிங்க. கைவேலையப் பாத்துட்டுக் கூலியக் கதைப்பம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. மகளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி, விடாதீங்க என்று கண்ணால் காட்டினாள். மருமகன் ஒரு கணம் நின்றான். பிறகு மிகவும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மற்றத் தறியில் ஏறி இருந்தான். அவன் நெசவு தெரியாதவன். மிதியைப் பிழையாக மிதித்து, கயிற்றைப் பலமாக இழுத்தான். நூலைக் கொண்டு குறுக்கே ஓட வேண்டிய நாடா, தறியை விட்டுப் பாய்ந்து ராத்தாவின் காலடியில் போய் விழுந்தது.

ராத்தா துள்ளினார். முக்காடு சரிந்தது. ஒரு செருப்பு கழன்று போனது.

“மேல்மாடி கேக்கச் சொல்லிக் கூட்டி வந்தா, இவன் தறி மேல ஏறி இரிக்கான்” என்று அவர் கத்தியது நடிப்பே இல்லை.

 சிரிப்பை அடக்கியதில் மகளின் கண்ணால் தண்ணீர் வந்தது. “முடிஞ்சிது வாப்பா” என்றாள். “முடிவு இதுதான்.”

“என்ட முக்காடு...” என்றார் ராத்தா, தலையைத் தடவி. எல்லோரும் அவரைப் பார்த்தோம். “சரி விடு. கிடக்கட்டும்.”

மகள் அங்கேயே தறியில் சாய்ந்தபடி போனிலேயே படத்தை வெட்டி ஒட்டினாள். எங்களை மூச்சு விடவும் விடவில்லை. முடிந்ததும் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு விட்டேன். மஃரிபுப் பாங்கு தொடங்குவதற்கு முன் அவள் சங்கத்தின் படிகளில் ஏறி ஓடுவதைக் கீழே நின்று பார்த்தேன். திரும்பி வந்தவள் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

படங்களைக் காட்டிய அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ராத்தா முன்னுக்கு இருந்தார். அவருக்குப் பின்வரிசையில் சாய்ந்தமருதுப் பிள்ளையும் உம்மாவும் வந்திருந்தார்கள். மருமகன்தான் அந்தக் குடும்பத்தை அழைத்திருந்தான். எப்படி அழைத்தான் என்று கேட்டேன். ‘படம் பாத்துட்டு என்ட கோல எடுக்கிறதெண்டா எடுங்க’ என்று அந்தப் பிள்ளைக்குச் செய்தி அனுப்பினானாம்.

எங்கள் படம் வந்தது. பைக்குக்குச் சின்னதாகச் சிரித்தார்கள். ஆட்டுக்கு மண்டபமே ஆடியது. அத்திவாரத்துக்கு நடுவில் மருமகன் அண்ணாந்து மேல்மாடி கேட்டபோது என்னருகில் இருந்த மனிதர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்தான் சாய்ந்தமருதுப் பிள்ளையின் வாப்பா. நாடா பறந்தபோது அவருடைய கை வாயில் நிற்கவில்லை. என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். தோள் இரண்டு நாள் நொந்தது.

பெண்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை மனைவி சொல்லித்தான் தெரியும். வெளிச்சம் வந்ததும் ராத்தா முக்காட்டை இழுத்துச் சரிசெய்து பின்னுக்குத் திரும்பினாராம்.

“மேல்மாடியெல்லாம் வேணாம் தங்கச்சி. ஏறி எறங்க எனக்கு முழங்கால் ஏலா.”

பிள்ளையின் உம்மா சிரித்தாராம். “நீங்க ஏன் ராத்தா ஏறப்போறீங்க? இரிக்கப்போறது புள்ளகள்தானே.”

“மகனப் பாக்க நான் வரமாட்டனா? கீழயே இரிக்கட்டும்.”

பக்கத்தில் இருந்த பிள்ளை குனிந்து தன் போனை எடுத்து ஏதோ எழுதினாளாம். அந்த நேரம் எனக்கு முன்னால் இருந்த மருமகன் துள்ளி எழும்பியதை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு முடிவு சொன்னார்கள். மூன்றாவது நாங்கள் இல்லை. இரண்டாவதும் இல்லை. சுவரோரம் நின்ற மகளைத் தேடிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கியில் ஒருவர் தொண்டையைச் செருமி, “முதலாமிடம், மேல்மாடி கேட்ட காதலன்” என்றார்.

மகள் கண்ணைத் திறந்தாள், ஆனால் கால் அசையவில்லை. அதற்குள் ராத்தா எழும்பி மேடையில் ஏறிவிட்டார்.

“படத்த எடுத்தது நீங்களா?” என்று கேட்டார் மேடையில் நின்றவர்.

“இல்ல. நான் அதுல வாறவ. எடுத்தவ அந்தா நிக்காள், என்ட தம்பிட மகள்.” ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து கூப்பிட்டார். “வா புள்ள. ஒனக்குத்தான் வகுப்பு. வந்து கேட்டு வாங்கு.”

மகள் நடந்து போனாள். வகுப்பில் அவளுக்கு இடம் என்று சொன்னார்கள், அந்த ஞாயிறே வரச் சொன்னார்கள். கைதட்டல் அடங்கவில்லை. படம் பிடிக்கிறவர் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். என் மகளை நடுவில் நிற்க வைத்தார். ராத்தா ஓரத்தில் நின்று பார்த்தார், பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து நடுவுக்கே வந்துவிட்டார். முக்காடு இந்த முறை சரியாக இருந்தது.